அடுப்பு எரியும் பக்கம்

அன்பு மகள் ஊஷியாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் அந்தக் குளிர் தேசத்தில் நோய் நொடி இல்லாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நான் சுகம், பசு சுகம், அம்மா சுகம் என்று எழுதிப் பழகின கை, இந்தத் தடவை மூன்றாவதை எழுத மாட்டேன் என்கிறது. போனில் சொல்லலாம்தான், அவள் கட்டிலில் இருந்தபடியே காதைத் தீட்டிக்கொண்டு கேட்பாள், அதனால்தான் கடிதம். டாக்டர் என்னை வாசலுக்குக் கூட்டிப்போய்ச் சொல்லிவிட்டார், மக்காச்சோளம் ஒடிக்கும்வரை இருந்தால் அதிகம் என்று. அவளுக்கும் தெரிந்திருக்கிறது. ஒரே ஒரு ஆசை சொன்னாள், சான் மாமேதே கோயில் கல்லறைச் சுவரில் உன் தம்பி ப்ராய்ஸின் பெட்டி இருக்கும் மாடத்துக்குப் பக்கத்து மாடம் காலியாக இருக்கிறதே, அதில் தன்னை வைக்க வேண்டுமாம். இதென்ன பெரிய விஷயம், ஆகட்டும் என்றேன். அப்படிச் சொன்ன இந்த வாயில் மண்ணைத்தான் போட வேண்டும்.

நம் வீட்டுக் கதை நீ அறியாததல்ல. முற்றத்துச் சிலுவைக்கல்லில் புறப்படும் எல்லை வீட்டைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போய்க் களஞ்சியத்தின் கால் பக்கம் வெளியே வரும், மலைப்பக்கம் சான் மாமேதே கோயில் பங்கு, கடல்பக்கம் சாந்தா மரிஞ்ஞா பங்கு, பங்கு மாறினால் ஊராட்சியும் மாறும், ஊராட்சி மாறினால் வட்டாரமும் மாறும், மாகாணமாவது ஒன்றாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டுக்கொள்ள வேண்டியதுதான். நம் வீட்டுக் கோழி முட்டையிட அடுக்களையிலிருந்து படுக்கையறைக்குப் போனால் மூன்று எல்லை தாண்டிவிடும் என்று உன் தாத்தா சிரிப்பார். ஆனாலும் சண்டை வந்ததில்லை, அடுப்பு எந்தப் பக்கம் எரிகிறதோ வீடு அந்தப் பங்கு, அவ்வளவுதான் சட்டம். நம் அடுப்பு மலைப்பக்கம் இருந்தது, அதனால்தான் பாறையில் சிப்பி எடுக்கப் போன ப்ராய்ஸை அலை அடித்துக்கொண்டு போய் மூன்றாம் நாள் திருப்பிக் கொடுத்தபோது சான் மாமேதேயில் மணி அடித்தார்கள். அதற்குப் பிறகு அம்மா, சமைக்கும்போது கடல் கண்ணில் படவேண்டும் என்றாள், நீயும் உதவினாய், கடல்பக்கம் பெரிய ஜன்னல் வைத்துப் புது அடுக்களை கட்டிப் பழைய அடுப்பைச் செங்கல் வைத்து அடைத்தோம். உன்மேல் குற்றமில்லை கண்ணு. குற்றமெல்லாம் என்மேல். மூன்று வருஷத்துக்கு முன்னால் வரைபடத்தைப் புதுப்பிக்க வந்த அதிகாரி, சமையல் எங்கே என்று கேட்டபோது, நான் புது மாப்பிள்ளை மாதிரி முன்னால் நடந்து போய், புது அடுப்பைப் பற்றவைத்துக் காட்டி, காப்பியும் போட்டுக் கொடுத்து, அவர் நீட்டின தாளில் கையெழுத்தும் போட்டேன். அதோடு நாம் சாந்தா மரிஞ்ஞா ஆட்களாகிவிட்டோம். அன்றைக்கு எனக்குச் சந்தோஷம் வேறு, அந்த ஊராட்சியில் வாரம் இரண்டு தரம் குப்பை எடுக்கிறார்களே என்று.

இப்போது சான் மாமேதே பங்குச் சாமியார் தோன் எவரிஸ்தோவிடம் மாடம் கேட்கப் போனால், கல்லறையில் இடம் குறைந்துவிட்டது, இனி பங்கு ஆட்களுக்கு மட்டும்தான் என்று பங்குச் சங்கத்தில் தீர்மானம் போட்டாயிற்றாம். ஏட்டுல நீங்க அந்தப் பங்கு, எலிசேயு, உங்களுக்கு விட்டா நாளைக்கு ஊரே வந்து நிக்கும், நான் யாருக்குன்னு பதில் சொல்றது என்கிறார். என் பிள்ளை உள்ளே இருக்கிறானே சாமி என்றேன். பையன் போனப்ப நீங்க இங்க இருந்தீங்க என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். கடைசியில் மனமிரங்கி ஒரு வழி சொன்னார், பழைய அடுப்பு ஒரு வருஷமும் ஒரு நாளும் எரிந்ததை அக்கம்பக்கத்தார் பார்த்துச் சாட்சி சொன்னால் பழைய முறைப்படி ஏட்டை மாற்றலாமாம். வருஷத்துக்கு நான் எங்கே போவேன்? ஊராட்சி அலுவலகத்துக்கும் அலைந்தேன். அங்கிருந்த பெண், ரெண்டு ஊராட்சியும் சேந்து உக்காந்தாதான் எல்லையைப் பத்திப் பேச முடியும் தாத்தா, அவங்க உக்காந்து நாலு வருஷமாச்சு என்றாள். ஏன் உட்காரவில்லை தெரியுமா, கழிமுகத்து மட்டிக் களம் யாருடையது என்று சண்டை. மழைத்தண்ணீர் புகுந்து அந்த மட்டியெல்லாம் செத்து இரண்டு வருஷமாகிறது, இல்லாத மட்டிக்கு இன்னும் அடித்துக்கொள்கிறார்கள்.

வேறென்ன செய்ய, வீட்டுக்கு வந்து சுத்தியலால் செங்கலை உடைத்துப் பழைய அடுப்பில் நெருப்பு மூட்டினேன். அங்கேதான் புழங்குகிறோம் என்று காட்ட அம்மாவின் கட்டிலையும் இழுத்துப் போட்டேன், அவளிடம் கதகதப்பாக இருக்கும் என்று பொய் சொன்னேன். பக்கத்து வீட்டு ஒப்தூலியா மதிலுக்கு மேலே தலையை நீட்டி, என்ன எலிசேயு, கோடையில குளிர் காயறியா, மூளை கீளை கலங்கிடுச்சா என்று கேலி பண்ணினாள். விஷயத்தைச் சொன்னதும் அவளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. நான் சாட்சி சொல்றேன், முன்னூத்தி அறுபத்தாறு நாளும் இங்க நின்னு பாக்கறேன், ஆனா உன் தோரிந்தாவுக்கு அத்தனை நாள் இருக்கா என்று கேட்டாள். இருபத்து மூன்று நாள் எரித்தேன் மகளே. ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா இருமி இருமிக் களைத்துப்போய், ஏ கிழவா, நான் என்ன பன்னித் தொடையா, புகையில கட்டித் தொங்கவிட்டிருக்கே என்றாள். அதற்குமேல் மறைக்க முடியாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். விரல் விட்டு நாளை எண்ணிப் பார்த்தாள், பாதியில் விட்டுவிட்டாள். எனக்கு அந்த ஜன்னலும் வேணும், அவன் பக்கத்துல இடமும் வேணும், பெத்தவ ரெண்டும் கேட்டா பேராசையா எலிசேயு என்று கேட்டாள். அவளைத் தூக்கிக்கொண்டு போய் ஜன்னலருகே விட்டேன், ஒரு கூடை மட்டி கனம்கூட இல்லை. நான் மட்டும் அந்த அடுப்பை எரித்துக்கொண்டே இருந்தால், அடுத்த வருஷம் அந்த மாடம் எனக்குக் கிடைக்கும். அவளை அங்கே விட்டுவிட்டு எனக்கெதற்கு அது? அன்றைக்கே தண்ணீரை ஊற்றி அணைத்துவிட்டேன்.

முடிந்தால் தோன் எவரிஸ்தோவுக்கு நீ ஒரு வரி எழுது, உனக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர். ஒன்றும் நடக்காது, இருந்தாலும் எழுது. லீவு கிடைத்தால் சோளம் ஒடிக்கும் முன்னால் வா, கிடைக்காவிட்டால் மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. பிள்ளைகளுக்குக் கம்பளிக் காலுறை போட்டுவிடு, பெரியவனை அதட்டாதே. உங்கள் எல்லோரையும் ஆண்டவர் காக்கட்டும், அம்மா ஜன்னல் பக்கமிருந்து முத்தம் அனுப்பச் சொல்கிறாள். முக்கியமாக ஒன்று, நீ உறையில் பழக்கதோஷத்தில் சான் மாமேதே என்றே எழுதுகிறாய், போன கடிதம் எங்கெங்கோ சுற்றிப் பதினாறு நாள் கழித்து வந்தது. நமக்கு அத்தனை நாள் வீணாக்க இல்லை. இனிமேல் சாந்தா மரிஞ்ஞா என்றே எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா
எலிசேயு