உடுப்புக் கிளிப்பும் உன்ர இடது காதும்

உ

போர்கோ வெக்கியோ, பலேர்மோ, இத்தாலி
20.08.2025

மகன் கஜானனுக்கு அம்மா எழுதிக்கொள்வது,

இங்கே நானும் உன் மனிசி றஜிதாவும் உன் மகள் கேசிகாவும் கடவுளே என்று நடமாடிக்கொண்டு இருக்கிறோம். உன் சுகத்தை நான் விசாரிக்கத் தேவையில்லை, நீ கொழுத்திருக்கிறது போனிலேயே தெரிகிறது. போனில் சொன்னால் லைன் இல்லையம்மா என்று கட் பண்ணிவிடுவாய், அதுதான் கடிதம். ஐந்தாம் வகுப்புக் கையெழுத்து, பொறுத்து வாசி, கடைசிமட்டும் வாசி.

இங்கே வெயில் கொளுத்துகிறது, எனக்கு வலது முழங்கால் வீக்கம். வேலைவீட்டு அம்மா சிஞ்ஞோராவுக்கு எண்பத்தெட்டு வயது முடிந்துவிட்டது, றஜிதாதான் குளிக்கவார்த்து உடுப்பு மாற்றுகிறாள். நான் இருபத்திரண்டு வருசம் பார்த்த வீடு, எனக்கு ஏலாமல் வந்தபோது சிஞ்ஞோராவின் காலில் விழாத குறையாகக் கேட்டு உன் மனிசிக்கு வாங்கிக் கொடுத்தேன். அந்த வேலைக்கு வாசலில் நாலு பேர் காத்து நிற்கிறார்கள், ஒருக்கா விட்டால் திரும்பக் கிடையாது. இதை ஏன் சொல்கிறேன் என்று உனக்கு விளங்கும்.

ஆடி அமாவாசைக்கு முதல்நாள் கொப்பருக்கு, செத்த உன் தகப்பனுக்கு, படைக்கச் சாமான் வாங்கப் பல்லரோச் சந்தைக்குப் போனேன், கேசிகாவும் வந்தாள். அமாவாசைக் கறிக்கு வேண்டிய காத்தோட்டிக்காய்க்கு இங்கே எங்கே போவது, வழக்கம்போல இத்தாலியரின் கப்பெரிக்காயை வாங்கி உப்பைக் கழுவிப் போட்டுக்கொள்வதுதான். எங்கட ஊர்ப் பெடியன் விதுரனின் கடையில் பூசணிக்காய் வெட்டித் தரும்போது அவன், மாமி, உங்கட மகன் பெரிய ஆளெல்லோ, பாருங்கோ எண்டு போனை நீட்டினான். அதில் ஓடின வீடியோவில் நீ ஒரு பச்சைச் சூதாட்ட மேசையில் இருக்கிறாய். முகத்தில் ஒன்றுமில்லை, சாமிப் படத்துக்குக் கூட இதைவிட உயிர் இருக்கும். உனக்கு எதிரில் தலை நரைத்த ஒரு மனுசன். நீ முன்னால் இருந்த காசு வில்லை எல்லாவற்றையும் நடுவுக்குத் தள்ளினாய், அந்த மனுசன் கனநேரம் உன்னைப் பார்த்துவிட்டுக் தன் சீட்டுக் கடுதாசியைக் கவிட்டு வைத்தான். பிறகு எழும்பி உனக்குக் கை தந்தான், நீ நிமிரக்கூட இல்லை. கேசிகா எனக்கு விளங்கப்படுத்தினாள், அப்பாட கையிலை ஒண்டுமே இல்லை அப்பம்மா, அந்த ஆள் பயந்து விட்டிட்டார் எண்டு. அதைச் சொல்லும்போது பிள்ளைக்கு என்ன பெருமை தெரியுமோ. எனக்கு அருவருத்துப் போய்விட்டது. ஊத்தை அள்ளி, கிழடுகளைக் குளிக்கவார்த்துத்தான் உன்னை வளர்த்தோம், அதில் எனக்கு வெட்கமில்லை. இதில் வெட்கம்.

ஆனால் அதைவிட மற்றது இருக்கிறது. கேசிகா மூலையில் இருந்த திகதியையும் வாசித்தாள், பதினேழு ஜனவரி, இரண்டாயிரத்து இருபத்து மூன்று எண்டு. பிள்ளைக்கு அது வெறும் திகதி. அன்றைக்குக் காலமை பத்தரைக்குக் கொப்பரின் பெட்டியை மூடினார்கள். அம்மா, பிளைட் எல்லாம் நிரம்பிப்போச்சு, எட்டாம் நாள் சடங்குக்கு வாறன் எண்டு நீ அழுதாய், நானும் பாவி நம்பி, என் பிள்ளை அந்நிய நாட்டில் தனிய அழுகிறானே என்று உனக்காகவும் அழுதேன். மகன் இருக்க விதுரன் கொள்ளி வைத்தான். பூசணிக்காயைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அன்றையிலிருந்து நீ வாங்கித் தந்த மெஷினில் என் உடுப்பைப் போடுவதில்லை, கையால்தான் தோய்க்கிறேன்.

அந்தப் படத்தில் இன்னொன்றையும் கண்டேன். வில்லையைத் தள்ள முதல் இடது காதைத் தடவினாய். அந்த நரைத்த மனுசனுக்கு அது தெரியாது, எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் நீயும் கொப்பரும் சிஞ்ஞோரா தந்த பழைய மேசையில் 304 சீட்டு விளையாடுவீர்கள், தோற்கிற ஆளின் காதில் பல்கனிக் கொடியில் இருந்து உடுப்புக் கிளிப் ஒன்றைக் கழற்றிக் கொழுவுவது வழக்கம். உனக்குக் கூடாத கடுதாசி வந்தால் ஆட்டம் தொடங்க முதலே கை காதுக்குப் போய்விடும். கொப்பர் கண்டும் காணாத மாதிரி இருப்பார், உன்னை வெல்ல விடுவார். உனக்கு எட்டு வயது அப்போது. நீ மறந்திருப்பாய், உன் கை மறக்கவில்லை.

போன ஞாயிறு வீடியோவில் வந்தாய். சூதை விட்டிட்டன் அம்மா, பிராக் சிற்றியிலை ஒரு ஹோட்டல் ஒப்பிசிலை வேலை, செப்ரெம்பரிலை மூண்டு பேரையும் கூப்பிடுறன், வீட்டை விடுங்கோ, றஜிதாவை வேலையாலை நிப்பாட்டச் சொல்லுங்கோ எண்டாய். றஜிதா குசினிக்குள் போய் அழுதாள், சந்தோசத்தில். கேசிகா பள்ளிக்கூடச் சிநேகிதிகளுக்குச் சொல்லியும் விட்டாள். நான் உன் காதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். இரண்டு தரம் தடவினாய் கஜானன். அந்த மனுசனுக்குச் செய்தது எனக்கு வேண்டாம், அவன் தெரிந்துதான் மேசைக்கு வந்தவன். றஜிதா எந்த மேசையிலும் இருக்கவில்லை. எப்படி மகன் அவளின் வேலையையும் பிள்ளையின் பள்ளிக்கூடத்தையும் நடுவுக்குத் தள்ள உனக்கு மனம் வந்தது?

பிள்ளையும் பழகுகிறாள், அதையும் கேள். முந்தநாள் என் மூக்குக்கண்ணாடியை மிதித்து உடைத்துவிட்டுக் கல்லுமாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். கேட்டால், அப்பாட முகம், கண்டுபிடிக்கேலாது அப்பம்மா எண்டாள். அறைந்துவிட்டேன். பிறகு இரண்டு பேரும் அழுதோம்.

றஜிதா சிஞ்ஞோராவுக்குக் கொடுக்க வேலை விடுகிற கடிதம் எழுதி வைத்திருந்தாள், அது இப்போது என் அரிசி வாளிக்கு அடியில் இருக்கிறது, அவள் வீடெல்லாம் தேடுகிறாள். முதலாந் திகதி கொடுக்க வேண்டும், அதுவரைக்கும்தான் என்னால் ஒளிக்க ஏலும். அதற்கு முதல்நாள் ஞாயிறு நீ இங்கே நிற்க வேண்டும், பிளைட் நிரம்பிப்போச்சு என்ற கதை இனிச் செல்லாது. எங்கட சனம் நேர்த்திக்கு ஏறுகிற றொசாலியா மாதாவின் மலைக்கு எல்லோரும் வெறுங்காலோடு ஏறுவோம், இந்த முழங்காலோடு நானும் ஏறுவேன். அங்கே உச்சியில் வைத்து, உனக்கு என்ன வேலை என்று றஜிதாவின் முகத்தைப் பார்த்துச் சொல். ஒரு கையைக் கேசிகா பிடித்திருப்பாள். மற்றக் கையை நான் பிடித்திருப்பேன். காதைத் தடவ உனக்குக் கை இருக்காது.

உண்மையைச் சொன்னால், அது எவ்வளவு கேவலமான உண்மை என்றாலும், இறங்கி வந்து உனக்குப் பிடித்த மீன்குழம்பு வைப்பேன். பிள்ளையார் உனக்கு நல்ல புத்தியைத் தரட்டும், உன் வயிறும் மனமும் குளிர்ந்து இருக்கட்டும். கொப்பரின் படத்துக்கு முன்னால் விளக்கேற்ற மறவாதே, படம் இல்லையென்றால் கொண்டுபோகலாம், ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். விதுரன் கொள்ளி வைக்கிற படம்.

உன்னைப் பெற்றவள்,
பேரின்பநாயகம் சிவமலர்