முதலாளி அடித்த வரி

திண்டிவனம்
13-2-1961

அன்புள்ள தையலுக்கு,

"வேலை இல்லாம வாசப்படி ஏறாதே" என்று, உன்னைக் கூட்டிப்போக வந்த என்னிடம் உங்கப்பா சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ அங்கே சாப்பிடுகிறாயா?

இன்று ஆயில் இன்ஜின் கம்பெனியில் இன்டர்வியூ. இன்ஜின் வாங்குகிறவர்களுக்குக் கொடுக்கும் விளக்கப் புத்தகத்தைத் தமிழில் எழுதும் வேலை. மாதிரிக்கு ஒரு பக்கம் எழுதச் சொன்னார்கள். 'ஓட்டுவதற்கு முன் பம்பில் தண்ணீர் ஊற்றி நிரப்பவும்' என்ற வரியை மட்டும் முதலாளி அடித்துவிட்டார். "இதையும் எழுதிட்டா நம்ம மெக்கானிக் ஈ ஓட்டிக்கினு உக்கார்றதா?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேனோ!

மனிதர்கள் நல்லவர்கள்தான். பக்கத்தில் உட்காரவைத்து இட்லி கொடுத்தார்கள். சேரட்டுமா, வேண்டாமா? ஒன்றும் புரியவில்லை. நீ சொல்.

உன்,
வேங்கடேசன்

முண்டியம்பாக்கம்
17-2-1961

மாமாவுக்கு வணக்கம்.

இந்தக் கூத்தைக் கேளுங்கள். அப்பா புதிதாக வாங்கிய இன்ஜின் படபடவென்று ஓடுகிறது, தண்ணீர்தான் வரவில்லை. மெக்கானிக் இன்றைக்கு, நாளைக்கு என்கிறான். கொல்லையில் மல்லாட்டைச் செடியெல்லாம் வாடிக்கொண்டிருந்தது. உங்கள் கடிதம் ஞாபகம் வந்து, பம்பில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினேன். கொட்டியதே பார்க்கணும்!

"யாரு சொல்லிக் குடுத்தது?" என்றார் அப்பா. "உங்க மருமவன்தான்" என்றேன். சாப்பிடும்போது, "வேலை கெடக்குது வுடு, வரச் சொல்லு" என்றார்.

அந்த வேலை வேண்டாம் மாமா. ஜல்தியா வாங்க.

தையல்நாயகி

திண்டிவனம்
6-3-1961

அன்புள்ள தையல்,

உன் கடிதம் வந்தபோது நான் வேலையில் சேர்ந்து ஒரு நாள் ஆகியிருந்தது. முதலாளி ஆளனுப்பிக் கூப்பிட்டார், மறுக்க வாய் வரவில்லை. அதை உனக்கு எழுதவும் இத்தனை நாள் தைரியம் வரவில்லை.

புத்தகம் அச்சாகிவிட்டது. அந்த வரி இல்லை. அட்டையில் என் பெயர் இருக்கிறது. ஆபீசில் இடமில்லையென்று கட்டுக்கட்டாக என் அறையில் அடுக்கியிருக்கிறார்கள். வரும் திங்கட்கிழமை லாரி வருகிறது.

உங்கப்பாவுக்கு ஒன்று அனுப்பட்டுமா? அதில் மட்டும் அந்த வரியை என் கையால் எழுதிவிடுகிறேன். மற்றவர்களுக்கு யார் எழுதுவது?

வேங்கடேசன்

முண்டியம்பாக்கம்
9-3-1961

மாமா,

உங்கள் மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இன்னும் போகவில்லை. இருந்தாலும் சனிக்கிழமை பாசஞ்சரில் வருகிறேன். அப்பாதான் ஏற்றிவிடுகிறார்.

எனக்கும் ஒரு பேனா வாங்கி வையுங்கள். என் கையெழுத்து கோழி கிளறின மாதிரிதான் இருக்கும், ஒரு வரிதானே. வேலை போனால் போகட்டும், கூழோ கஞ்சியோ ஒன்றாய்க் குடிப்போம்.

திங்கட்கிழமைக்குள் முடியணும். நான் வரும்வரை காத்திருக்காமல் நீங்கள் இப்போதே எழுத ஆரம்பியுங்கள்.

தையல்நாயகி