தைப்பிங்கில் இரண்டு குடைகள்

அப்பா,

இன்று ஈப்போவில், ஜெலாப்பாங் சந்தையில் மழை பிடித்துக்கொண்டது. உங்கள் வீட்டிலிருந்து எடுத்துவந்த குடையை முதன்முறையாக விரித்தேன். கம்பியில் விலைச்சீட்டு இன்னும் தொங்கியது. காய்கறிக்காரி பார்த்துவிட்டு, "புதுக் குடையாக்கா? நல்லாருக்கு" என்றாள். ஆமாம் என்று சொல்லி வைத்தேன்.

சுங்கை சிப்புட்டில் தோட்டத்தை விற்று, நீங்கள் குடியிருந்த தொழிலாளர் லயத்து வீடுகளை உடைக்கப்போவதாகச் சொன்னபோது, உங்களை யார் வைத்துக்கொள்வது என்று எனக்கும் தம்பிக்கும் பேச்சு வந்தது. என் வீட்டில் ஓர் அறை காலியாக இருந்தது. அதில் துணி காயப்போட்டிருந்தேன். பினாங்கில் அவன் வீட்டிலும் ஓர் அறை இருந்தது. அதில் பியானோ இருந்தது. கடைசியில் தைப்பிங்கில் ஒரு வாடகை வீடு என்று முடிவானது. "நடுவுல இருக்குக்கா. ஈப்போவுல இருந்து ஒனக்கு ஒரு மணி நேரம், எனக்கும் ஒரு மணி நேரம். ரயில் இருக்கு. ஏரி வேற இருக்கு, அப்பா காலையில நடக்கலாம்" என்றான். எவ்வளவு நியாயமான பேச்சு! உடனே தலையாட்டினேன். சுங்கை சிப்புட் எனக்கு அரை மணி நேரம்தான். அங்கே வராமல் இருக்க ஒவ்வொரு முறையும் ஒரு சாக்குத் தேட வேண்டியிருந்தது. தைப்பிங் என்றால் தூரமே சாக்கு.

"அங்க எனக்கு யாரத் தெரியும்மா?" என்று ஒருமுறை கேட்டீர்கள். "சரி, ஒங்க ரெண்டு பேருக்கும் லேசுன்னா போலாம்லா" என்று நீங்களே முடித்துவைத்தீர்கள். நாற்பது வருஷம் தோட்டத்து லோரி ஓட்டியவர், மின்விசிறியை மடியில் வைத்துக்கொண்டு என் கார் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தீர்கள்.

எட்டு மாதத்தில் நான் வந்தது மூன்று முறை. மூன்று முறையும் மழை. ஏரிக்குப் போகலாம் என்று சட்டை மாற்றிக்கொண்டு நிற்பீர்கள். அடுத்த தடவை பார்க்கலாம் என்று நான் கார் சாவியை எடுப்பேன். மற்ற வாரங்களில் போன். வர முடியவில்லை என்று நான் இழுக்கும்போதே சொல்வீர்கள்: "பரவால்லமா. தம்பி நேத்துதான் வந்துட்டுப் போனான்."

"அப்படியா, நல்லதுலா. அடுத்த வாரம் நான் வாரேன்" என்பேன். போனை வைத்ததும் மனசு லேசாகிவிடும்.

நீங்கள் குளியலறையில் விழுந்து கிடந்ததைப் பார்த்தது பக்கத்து வீட்டு அம்மாள்தான். கருமாதி முடிந்து வீட்டைக் காலி செய்தபோது, கதவு மூலையில் இரண்டு புதுக் குடைகள் இருந்தன. உங்கள் பழைய குடை கம்பி ஒடிந்து ஆணியில் தொங்கியது. "பிள்ளைங்க வந்தா மழையிலயும் ஏரிக்குக் கூட்டிட்டுப் போகணும்னு வாங்கி வச்சாரு" என்றார் அந்த அம்மாள். "ஒங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்களான்னு நான்கூட ஒருநாள் அவர்கிட்ட கேட்டுட்டேன்."

தம்பி என்னைப் பார்த்தான். "நீதான் வாராவாரம் வந்தியேக்கா? அப்பா சொன்னாரே."

அவன் வந்தது இரண்டு முறை.

கட்டிப்பிடித்து அழுதோம் என்று நினைக்காதீர்கள். ஆளுக்கொரு குடையை எடுத்துக்கொண்டு அவரவர் வழியில் போனோம். அதிலும் சரிபாதி.

எனக்கு உங்கள் மேல் கோபம், அப்பா. ஒரு நாளாவது வாய்விட்டுத் திட்டியிருக்கலாம். எங்களைக் காப்பாற்றினீர்களா, செருப்பால் அடித்தீர்களா என்று ஒரு வருஷமாக யோசித்தும் புரியவில்லை.

சந்தையிலிருந்து வந்து ஈரக் குடையை வாசலில் வைக்கும்போது போன் அடித்தது. கோலாலம்பூரிலிருந்து என் மகள், உங்கள் பேத்தி. இந்த மாதமும் லீவு கிடைக்கவில்லை என்று இழுத்தாள். அவள் தம்பி ஜொகூரில் இருக்கிறான். அவன் இந்த வீட்டுப் பக்கம் தலைகாட்டி நான்கு மாதம் ஆகிறது.

"பரவால்லமா. தம்பி நேத்துதான் வந்துட்டுப் போனான்" என்றேன்.

சொல்லும்போது என்னிடம் பெருந்தன்மை ஒன்றும் இல்லை. என்றைக்காவது தெரியவந்து அவளுக்கு நன்றாக வலிக்கட்டும் என்றுதான் சொன்னேன்.

"அப்படியாம்மா, நல்லதுலா. அடுத்த மாசம் நான் வாரேன்" என்றாள்.

அவள் போனை வைக்கும் முன்பே, அவள் மனசு லேசானது எனக்குக் கேட்டது. அப்போதெல்லாம் என் மனசு உங்களுக்கும் கேட்டிருக்கும்.