ஏழு மண்வெட்டிகள்

மரக்காணம்
16-10-2005

தம்பிக்கு,

நாளை நாங்கள் பதினோரு பேரும் லாரியேறி சிமோகா போகிறோம், பாக்குத்தோட்ட வேலைக்கு. பிள்ளைகளுக்கு டி.சி. வாங்கியாகிவிட்டது. மாடுகளைக் கிளியனூரில் விற்றாகிவிட்டது. மாமியார் அம்மியைக்கூட விடவில்லை, சாக்கில் கட்டிவிட்டார். ஏழு மண்வெட்டிகளை மட்டும் உனக்காக விட்டுப் போகிறேன்.

உன் உப்பளத்து நீர் கசிந்து எங்கள் கிணறு கரித்து, பயிர் கருகியபோது, "வேற ஊரு பாத்துக்கோக்கா" என்று சிரித்தாய். பார்த்துக்கொண்டேன்.

வருஷா வருஷம் ஐப்பசியில் ஏரி வழிந்து வரும் வெள்ளம், நீ குவித்துவைத்த உப்பைக் கரைக்காமல் தடுத்தது எங்கள் வயல் வரப்புதான். அது உடைய உடைய, மழையில் நின்று மண் போட்டவர்கள் நாங்கள், பெரியவர்கள் ஏழு பேர். நீ தூங்கினாய்.

ஐப்பசி பிறக்கிறது. மண்வெட்டி ஏழு இருக்கிறது. பிடிக்க உனக்கு இரண்டு கைதான்.

இப்படிக்கு,
வேறு ஊர் பார்த்துக்கொண்ட அக்கா