உம்மு சனத்தின் கேள்விக்குறிகள்

ஜூலை 7, ஞாயிறு

வியாழனன்று மறுபடி நின்றுவிட்டது. கிழக்கு அம்மானுக்கு வாரம் ஒருமுறை திறக்கும் தண்ணீர். வால்வு நிரலின் நினைவகம் நிரம்பி, பாதியில் உறைந்துபோனது. எங்கள் மாடித் தொட்டியும் காலி.

மேலாளர் நிதால், கணினியில் வால்வு ஆணைகளைத் தட்டும் உம்மு சனத் மேல் பழியைப் போட்டார். "தட்டுறதுல பாதி தப்பு. இந்த வியாழனும் நின்னா கிடங்குக்கு அனுப்பிடுவேன்."

நிரலைப் பார்த்துக்கொள்பவள் நான். பழி என் மேல் அல்லவா விழவேண்டும்?

ஜூலை 8

உம்மு சனத் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். காதில் தொலைபேசி. வால்வு திறக்கும் வரியைப் பாதி தட்டியிருந்தபோது, அந்தத் தெருவில் குழாய் உடைந்திருப்பதாக யாரோ சொன்னார்கள். உடனே நாலு கேள்விக்குறி தட்டி அனுப்பினார். பிழை என்றது திரை.

"ஏன் இப்படி?"

"பாதில மனசு மாறினா வேற எப்படிம்மா சொல்றது? ரத்துன்னு ஒரு பொத்தான் வச்சீங்களா?"

இவை தவறுகளே இல்லை! பிழை வந்ததும், ஆணைகளைப் படித்துப் பிரிக்கும் பார்சர் பாதி படித்த வரியை அப்படியே போட்டுவிட்டு அடுத்ததற்கு ஓடுகிறது. போட்டதை யாரும் அள்ளுவதில்லை. நினைவகத்தில் குவிகிறது.

ஜூலை 9

பிழை வந்தால் நினைவகத்தில் வைத்திருப்பதையெல்லாம் விடுவி என்று எழுதினேன். சோதனையில் முதல் பிழைக்கே நிரல் விழுந்தது. பழையதே தேவலை.

ஜூலை 10

மக்லூபா சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு யோசித்தேன் — முழுதாக முடிந்த ஆணை பட்டியலுக்குச் சொந்தம். பட்டியலே அதை விடுவிக்கும். நானும் விடுவித்தால்? ஒரே பொருளை இரண்டு பேர் விடுவிப்பது. அதனால்தான் விழுந்தது.

ஒப்படைத்ததைத் தொடக்கூடாது. பார்சர் கையில் மிஞ்சியதை மட்டும் விடுவிக்கவேண்டும். அது முன்கூட்டியே எடுத்து வைத்திருக்கும் அடுத்த சொல்லையும் சேர்த்து.

"புதுசா எதையும் ஏத்தாத. விழுந்தா உன் தலைதான் உருளும்," என்றார் நிதால்.

ஏற்றிவிட்டேன்.

ஜூலை 11, வியாழன்

தப்பான வால்வு எண். உம்மு சனத் பாதியில் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"ரத்து பண்ணா பிழைன்னு காட்டும். மேலாளர் பின்னாடியே நிக்கிறாரு."

"தட்டுங்க. நான் இருக்கேன்."

தட்டினார். நினைவகக் கோடு சற்று ஏறி, பழைய இடத்துக்கே இறங்கியது. அப்புறம் நாள் முழுக்கத் தட்டினார்.

வீட்டுக்கு வந்தால் அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 14

உம்மு சனத் தேநீர் எடுக்கப் போன நேரத்தில் நிதாலே ஓர் ஆணை தட்டினார். பாதியில் நின்றார். சுற்றுமுற்றும் பார்த்தார். நாலு கேள்விக்குறி போட்டார்.

வாசலிலிருந்து உம்மு சனத் குரல்: "தட்டுறதுல பாதி தப்பு, உஸ்தாத்."