சிவப்புத் துணி கட்டிய பாட்டில்

கர்த்தருக்குள் அன்பான என் ஜோபிக்குட்டிக்கு அம்மா எழுதிக்கொள்வது.

கடிதம் என்றால் முதல் வரியில் நலமா என்று கேட்க வேண்டும். அதை உன்னிடம் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் இரண்டு நாள் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றிப் போட்டேன். கடைசியில் அந்த வரியை விட்டுவிட்டேன். நான் நாலாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கோணினால் சிரிக்காதே.

இதை, உன் புல்வெட்டு மிஷினின் கோளாறுகளை நீ குறித்துவைக்கிற நோட்டில்தான் எழுதுகிறேன். நீ பாதி நோட்டுத்தான் எழுதியிருந்தாய். மீதி வெள்ளையாகக் கிடந்தது. புது நோட்டு வாங்க மனம் வரவில்லை.

இங்கே மழை விட்டு விட்டுப் பெய்கிறது. நீ போய் நாளையோடு ஒன்பது வாரம். ஏலத்தோட்டத்தில் புல் முட்டி வரைக்கும் நிற்கிறது. எஸ்டேட்டில் வேறு மிஷின்காரர்களைக் கூப்பிட்டு வெட்டச் சொன்னார்கள். இரண்டாம் நாளே சூப்பர்வைசர் தலையில் அடித்துக்கொண்டார். காய் பிடிக்கிற சரம் செடியின் அடியில் தரையோடு ஓடும் என்பதுகூடப் பார்க்காமல் அறுத்துப் போட்டிருக்கிறார்கள். நீ வரிசைக்கு நடுவில் மட்டும்தான் மிஷினை வீசுவாய். செடியைச் சுற்றி ஒரு முழம் எனக்கென்று விட்டுவிடுவாய். நான் பின்னால் அரிவாளோடு குனிந்து வருவேன். "பின்னாடி ஒரு மிஷின் வருது பாரு, அதுக்குப் பெட்ரோல் வேண்டாம், கட்டன்சாயா போதும்" என்று என்னைக் காட்டி எல்லோரிடமும் சொல்வாய். அந்த அரிவாள் இப்போது கூரையில் செருகினது செருகினபடியே இருக்கிறது. துருப்பிடித்திருக்கும்.

பக்கத்து லயத்து வீட்டுச் சந்தனமேரி நீ போனதிலிருந்து காலையும் சாயங்காலமும் எனக்குக் கஞ்சி கொண்டுவந்தாள். நல்லவள்தான். ஆனால் கிண்ணத்தைக் கீழே வைக்கும்போதே உன் கூட்டாளி லோகேஷைத் திட்டத் தொடங்கிவிடுவாள். "அந்தப் பய மிஷினுக்குப் பிளேடு மேல மூடுற கவர் இல்லன்னு ஊருக்கே தெரியும். தெரிஞ்சே குடுத்தான் பாரு, கூடவே திரிஞ்ச பாவி" என்பாள். நான் ஒன்றும் சொல்லாமல் கஞ்சியைக் குடித்தேன். ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, நாற்பது நாள் அப்படிக் குடித்தேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ போனதற்கு முந்தின நாள், அந்தப் புதன்கிழமையைப் பற்றிச் சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை நீ மழையில் நனைந்து காய்ச்சலோடு வந்தாய். ஈரத்துணி எல்லாவற்றையும் நான் துவைத்தேன். கதவுக்குப் பின்னால் உன் பாட்டில்கள் இரண்டும் இருந்தன. ஒன்று வெறும் பெட்ரோல், ஒன்று மிஷினுக்கு ஊற்ற எண்ணெய் கலந்தது. கலந்த பாட்டிலின் கழுத்தில் என் பழைய சிவப்பு ரவிக்கையைக் கிழித்து நீ கட்டியிருந்தாய். "உனக்குப் படிப்பு கம்மி, எனக்கு ஞாபகம் கம்மி. ரெண்டு பேருக்கும் சேத்து இந்தத் துணி" என்று சொன்னாயே, அதுதான். அது கறுத்துப்போய் நாறியது. பார்க்கச் சகிக்காமல் அதையும் அவிழ்த்துத் துவைத்து அடுப்புக்கு மேலே கொடியில் போட்டேன். காய்ந்ததும் கட்ட வேண்டும் என்று நினைத்தேன். மறந்துபோனேன்.

காலையில் தொட்டுப் பார்த்தபோது உனக்கு உடம்பு வேர்த்து, காய்ச்சல் இறங்கியிருந்தது. நல்ல தூக்கம். எழுப்ப மனம் இல்லை. மிஷினைத் தயார் செய்கிற வேலையை நானே செய்துவிட்டால் பத்து நிமிஷம் கூடத் தூங்குவாய் என்று நினைத்தேன். எல்லாம் நீ சொல்லித்தந்ததுதானே. காற்று போகிற இடத்துப் பஞ்சைச் சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் காயவைப்பதும், பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்ப்பதும் எனக்குத் தெரியும். அன்றைக்கு டேங்கை நிறைக்கிற வேலை மட்டும்தான் பாக்கி. மழை இருட்டு, கரண்டும் இல்லை. கைக்கு வந்த பாட்டிலை எடுத்தேன். நன்றாகக் குலுக்கி ஊற்றினேன். குலுக்க மறக்கவில்லை, ஜோபிக்குட்டி. எதைக் குலுக்குகிறேன் என்றுதான் பார்க்கவில்லை.

நீ எழுந்து டேங்கைப் பார்த்துவிட்டு, "நேத்தே நிறைச்சு வச்சிட்டேன் போலருக்கு, காய்ச்சல்ல ஞாபகமே இல்ல" என்றாய். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. உனக்குத் தெரியாமல் உனக்குப் பத்து நிமிஷத் தூக்கம் கொடுத்ததில் எனக்குள் ஒரு சந்தோஷம். அதனால் சிரித்துக்கொண்டு சாயா ஊற்றினேன்.

தோட்டத்தில் அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மிஷின் சத்தம் திடீரென்று கீச்சென்று மேலே போனது. பிறகு நின்றது. நான் நாலு வரிசை கீழே இருந்தேன். நீ ஸ்டார்ட் கயிற்றை இழுத்தாய், கயிறு வரவில்லை. டேங்கு மூடியைத் திறந்தாய். கொஞ்சம் உள்ளங்கையில் ஊற்றினாய். பார்த்தாய். மூக்குக்குக் கொண்டுபோனாய். பிறகு கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டு மூடியைத் திருகினாய். சூப்பர்வைசர் வந்து கேட்டபோது, "ஏழு வருசமா கத்திட்டே இருக்கு சார், அதுக்கும் தொண்டை அடைக்காதா" என்று சிரித்தாய். என்னிடம் வந்து, "வாம்மா, இன்னைக்கு நம்ம ரெண்டு மிஷினுக்கும் லீவு" என்றாய்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் கொடியில் அந்தச் சிவப்புத் துணி தொங்குகிறது. கதவுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். வெறும் பெட்ரோல் பாட்டில்தான் குறைந்திருந்தது. நீ குளிக்கப் போயிருந்தாய். நீ வருவதற்குள் ஓடிப்போய்த் துணியைக் கலந்த பாட்டிலில் கட்டிவிட்டேன். திருடி மாதிரி.

சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன். சாயங்காலம் நீ வண்டன்மேட்டுக்குப் போய்விட்டாய். வந்து சாப்பிடும்போது, "நாளைக்கு லோகேஷ் வேலைக்குப் போகல, அவன் மிஷின வாங்கிக்கிறேன்" என்றாய். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். ஏழு வருஷம் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்ட மிஷினை உன் அம்மாவே கொன்றுவிட்டாள் என்று எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் லோகேஷின் மிஷினில், அந்தச் சரிவில், பிளேடு கல்லில் பட்டு உடைந்து உன் தொடையில் ஏறியதை நான் எழுத மாட்டேன். ஜீப்பில் உன் தலை என் மடியில் இருந்தது. துண்டு மேல் துண்டாகக் கட்டிக்கொண்டே இருந்தார்கள். நீ, "அம்மா, குளிருது" என்றாய். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

நாற்பதாம் நாள் ஜெபத்துக்கு லோகேஷ் வந்தான். கோயிலுக்குள் வரவில்லை. கேட்டுக்கு வெளியே மழையில் நின்றான். பாதி உடம்பாகிவிட்டான். "இங்க எதுக்கு வந்து நிக்கான்" என்று சந்தனமேரி அவன் காதில் விழவே சொன்னாள். அவன் வேலையை விட்டுவிட்டான், மலையை விட்டுக் கம்பத்துக்கே இறங்கிப்போகிறான் என்று யாரோ சொன்னார்கள். அன்றைக்குச் சபை ஐயர் என்ன ஜெபம் பண்ணினார் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் உன் மிஷினைச் சாக்கில் சுற்றி ஜீப்பில் ஏற்றி வண்டன்மேட்டுக்குக் கொண்டுபோனேன். உன் பாண்டீஸ்வரன் அண்ணனின் ஒர்க்‌ஷாப்புக்குத்தான். அது வேறு ஏதாவது கோளாறாக இருக்கட்டும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டேன். அவர் பிரித்து, உள்ளே இருந்த பிஸ்டனை எடுத்து என் கையில் வைத்தார். நகத்தால் பிராண்டின மாதிரி நெடுக்கக் கோடு. "அக்கா, இது வயசாகிச் சாகல. எண்ணெய் கலக்காத பெட்ரோல்ல ஓடிருக்கு. ஜோபி இந்தத் தப்புப் பண்ற ஆளில்லையே" என்றார். நான்தான் ஊற்றினேன் என்று சொன்னேன். உனக்குச் சொல்ல வேண்டியதை முதல் முதலாக அவரிடம்தான் சொன்னேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஒன்று சொன்னார். அந்தப் புதன்கிழமை சாயங்காலம் நீ அவரிடம் போய், ஃபோர் ஸ்ட்ரோக் மிஷின் இருக்கிறதா என்று கேட்டாயாம். அதில் பெட்ரோலை அப்படியே ஊற்றலாம், எண்ணெய்க்குத் தனி இடம் உண்டு என்று எனக்குக் காட்டினார். "எனக்கே ஆச்சரியமாப் போச்சுக்கா. அது கனம், சரிவுல தோள் கழண்டுரும்னு கடைக்கு வர்றவன்கிட்ட எல்லாம் சொல்லி என் வியாபாரத்தைக் கெடுக்கிறவன் அவன். என்னடா புத்தி மாறிருச்சுன்னு கேட்டேன். கலக்குற வேலை இல்லாததா ஒண்ணு வேணும்ணே, அவ்வளவுதான்னான்." அடுத்த வாரம் வரும் என்று சொல்லியிருக்கிறார். வந்ததாம். உன் பெயரை எழுதி ஒட்டி மூலையில் வைத்திருக்கிறார். இன்னும் கிழிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து இந்த நோட்டை எடுத்தேன். ஒவ்வொரு தரமும் நீ காரணம் எழுதியிருக்கிறாய். பிளக் கறுத்தது, எண்ணெய் கூடிவிட்டது. ஸ்டார்ட் ஆகவில்லை, பஞ்சில் அழுக்கு. புகை, மழை நாளில் வெளியே வைத்தது என் தப்பு. உன் தப்பைக்கூட எழுதியிருக்கிறாய். கடைசிப் பக்கத்தில் புதன்கிழமை தேதி போட்டு, மிஷின் நின்றது என்று மட்டும் இருக்கிறது. காரணம் இல்லை.

அன்றைக்கே லோகேஷ் வீட்டுக்குப் போனேன். துணிமணியைப் பையில் அடைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டான், நான் அடிக்க வந்தேன் என்று நினைத்தான் போல. துணியைத் துவைத்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். என் மகன் உன் வாசலுக்கு மிஷின் கேட்டு வந்ததே என்னால்தான் என்றேன். அவன் கேட்டுவிட்டு, "நீங்க எதை ஊத்துனா என்ன அத்தை, கவரைக் கழட்டிப் போட்டவன் நான்தானே. புல்லு சுத்திக்கிட்டு எடைஞ்சலா இருக்குன்னு கழட்டுனேன். மாட்டுடா மாட்டுடான்னு அவன் எத்தனை தரம் சொன்னான்" என்று முகத்தை மூடிக்கொண்டான். நீ கழற்றினாய், நான் ஊற்றினேன், அப்புறம் நீ மட்டும் ஏன் ஊரை விட்டுப் போக வேண்டும் என்று அவனிடம் கேட்டேன். இரண்டு பேரும் பையின் மேலேயே உட்கார்ந்து அழுதோம்.

மறுநாள் குழாயடியில் சந்தனமேரியிடமும் சொன்னேன், நாலு பேர் கேட்கவே சொன்னேன். குடம் நிரம்பி வழிந்தும் யாரும் நகரவில்லை. நாலு நாள் கஞ்சி வரவில்லை. ஐந்தாம் நாள் வந்தது. கூட வருகிற திட்டு மட்டும் வரவில்லை.

பாண்டீஸ்வரன் கேட்டார், பெயர் எழுதி வைத்ததை எடுத்துக்கொள்கிறீர்களா, இல்லை இதற்கே புதுப் பிஸ்டனும் சிலிண்டரும் போடவா என்று. நான் தூக்கிப் பார்த்தேன். நீ சொன்னது சரிதான், கனம். நம் சரிவுக்கு ஆகாது. அதில் உன் கைபட்ட இடம் ஒன்றும் இல்லை. பழையதையே சரிபண்ணச் சொன்னேன். சாமான் வந்துசேர இரண்டு வாரம் ஆனது. கவரைப் புது போல்ட் போட்டு இறுக்கித் தந்தார். நாளைக்கு லோகேஷ் அதை எடுத்துக்கொண்டு உன் வரிசையில் இறங்குகிறான். பின்னால் நான் அரிவாளோடு போகிறேன்.

பெட்ரோலை அவனையே கலந்துகொள்ளச் சொன்னேன். அவன் மாட்டேன் என்றான். "நீங்க கலந்து குடுத்தாத்தான் நான் கயிற இழுப்பேன்" என்று பிடிவாதம். இன்றைக்குக் கலந்தேன். இருமல் மருந்து மூடியால் ஒரு லிட்டருக்கு நாலு மூடி. ஒரு மூடி சிந்திவிட்டது, அதைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தேன். பிறகு வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். இளம்பச்சையாய் இருந்தது. கழுத்தில் சிவப்புத் துணியை இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினேன். இனிமேல் அதைத் துவைக்க மாட்டேன், எவ்வளவு நாறினாலும்.

கர்த்தர் உன்னைக் குளிர் படாத இடத்தில் வைத்துக் காப்பாராக. லோகேஷுக்காகவும் அங்கே ஒரு வார்த்தை சொல். அவன் கால்களை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா எப்சிபா
சக்குபள்ளம்

பெயர் எழுதின பிறகும் நோட்டை மூட முடியவில்லை, ஜோபிக்குட்டி. அன்றைக்கு உள்ளங்கையில் ஊற்றிப் பார்த்தாயே, காய்ச்சலில் நீயே மாற்றி ஊற்றிவிட்டாய் என்று நினைத்துக்கொண்டா போனாய், இல்லை அம்மாதான் என்று தெரிந்தும் என் முகத்துக்காகச் சும்மா இருந்தாயா?