ராஜா மறந்த வசனம்

அன்பு மகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூன்று எழுத்துப் பிழை, போகட்டும். அப்பாவை எடுத்த அன்று, "நாலு பேர் முன்னாடி அழாதே" என்று உன்னை அதட்டினேன். அதன்பின் இரண்டு வருஷம் நீ வரவில்லை. இப்போது விடுமுறைக்கு வரலாமா என்று அனுமதி கேட்டிருக்கிறாய்.

நான் சௌக்கியம். முழங்கால் சொன்னபடி கேட்கிறது. மாடி அறை இந்த மழைக்கு ஒழுகவில்லை. நாடகக் குழுவில் திரைக்குப் பின்னாலிருந்து வசனம் எடுத்துக் கொடுப்பது இன்னும் நான்தான். நடிகர் இடது காதைத் தொட்டால்தான் அடுத்த வரியைச் சொல்வேன். தொடாவிட்டால் கூரையே இடிந்தாலும் வாய் திறக்க மாட்டேன்.

இம்முறை, ராணி இறந்த துக்கம் தாளாமல் விஷம் குடிக்கும் ராஜாவின் கதை. ராஜா வேஷம் நம் தையல்காரருக்கு. அவர் மனைவி போய் ஐந்து மாதம்தான் ஆகிறது. வேண்டாம் என்றேன். "வீட்ல அழ வரல டீச்சர், மேடையிலயாவது அழுதுக்கறேன்" என்றார். ஒத்திகையில் ஊரைக் கூட்டுகிற மாதிரி கத்தினார். ராணியாக நடிக்கும் தபால்காரர் மனைவி, நம் வாயாடி, "செத்துக் கிடக்கற எனக்கே காது அடைக்குது" என்று எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

சனிக்கிழமை மாலை அரங்கேற்றம். விஷக் கிண்ணத்தை எடுத்தவர் அப்படியே நின்றார். காதைத் தொட்டார். நான் சொல்லவில்லை. மறுபடி தொட்டார். பக்கம் மடியில் திறந்துதான் இருந்தது, எழுத்துத் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அப்போதும் தெரியவில்லை.

அவர் கிண்ணத்தை வைத்துவிட்டு ராணியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "எழுந்திரும்மா, காபி ஆறிப்போகுது" என்றார். ராஜா பேசுகிற பேச்சா அது! ஆனால் அரங்கில் ஒரு நாற்காலிகூட அசையவில்லை. அப்புறம் விஷத்தைக் குடித்து ஒழுங்காகச் செத்தார்.

"என்ன டீச்சர், கைவிட்டுட்டீங்களே" என்று பிறகு கேட்டார். தப்பு என்னுடையது என்றேன். முப்பது வருஷத்தில் என் வாயிலிருந்து அப்படி வந்து யாரும் கேட்டதில்லை, உன் அப்பா உட்பட. பிரதியில் பழைய வசனத்தை அடித்துவிட்டு, அவர் சொன்னதையே மையால் எழுதி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமையும் அதைத்தான் பேசினார்.

கான்வென்ட் பள்ளியில் எங்களுக்கு நிமிர்ந்து உட்காரச் சொல்லிக் கொடுத்தார்கள். மற்றதை இந்த வயதில் கற்றுக்கொள்கிறேன்.

உன் வீட்டுக்கு வர உனக்கு அனுமதி எதற்கு? அப்பாவின் படத்தைக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். எதிரே இரண்டு நாற்காலி போட்டிருக்கிறேன். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். நாலு பேர் இருந்தாலும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

பத்திரமாக வந்து சேர், கண்ணா.

உன் வரவை எண்ணியிருக்கும்
அம்மா